குதிக்கும் ழ

என் மிஷினில் ழ மட்டும் வரியில் நிற்காது.
அரை எழுத்து உயரம் எம்பித்தான் விழும்.
கோட்டைக்குள் எங்கள் ஆபீசில்
எல்லோருக்கும் தெரிந்த குறை.
ரிப்பேருக்கு மூன்று கொட்டேஷன் கேட்டு
ஒரு ஃபைல் நடந்துகொண்டே இருந்தது,
நாடு நின்றுபோயிருந்த
அந்த இருபத்தோரு மாதமும்.

உத்தரவின் தமிழ்ப் பிரதி என் பொறுப்பு.
நடுவில் இரண்டு கார்பன்.
'கீழ்க்கண்ட நபர்' என்று தொடங்குவேன்.
மு. ஏழுமலை, வயது முப்பத்தாறு,
மேல்விஷாரம், தோல் ஷாப் தொழிலாளி.
ஒரே ஆளுக்கு இத்தனை ழவா என்று
எரிச்சல்பட்டது ஞாபகம் இருக்கிறது.
ஆள் ஞாபகம் இல்லை.
பார்த்தால்தானே.
மணி ஐந்தரை ஆகியிருந்தது.
சத்துவாச்சாரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச்சில் ஓட்டு எண்ணினார்கள்.
மதராஸில் ஒரு கணக்கு, தில்லியில் வேறு கணக்கு.
யாருக்கு மாலை வாங்குவது என்று
லாங் பஜாரே இரண்டு நாள் குழம்பிக் கிடந்தது.
ஹெட் கிளார்க் பலராம நாயுடு ஸ்டூலில் ஏறி
சுவரிலிருந்த படத்தை இறக்கினார்.
"ஆணி இருக்கட்டும்மா,
யாராச்சும் வருவாங்க."

அதே வாரம் நான் அடித்தேன்:
கீழ்க்கண்ட நபர் விடுவிக்கப்படுகிறார்.
அதே மிஷின். ரிப்பன்கூட மாற்றவில்லை.

ஆனியில் வந்தார்.
முட்டி வரை சுண்ணாம்பு தின்ற கால்கள்,
சலவை வேட்டி.
என் மேஜையில் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
பிடித்தது ஒன்று, விட்டது ஒன்று.
இரண்டிலும் அவர் பெயர் நடுவில்
எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது.

"நீங்கதானா அது" என்றார்.
கோபமாக இல்லை. ஒரே ஊர்க்காரரைக்
காட்பாடி பிளாட்பாரத்தில் பார்த்த மாதிரி.
பிறகு, "ஒரு மனு அடிக்கணும்."

ஷாப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை.
சங்கத்தில் அவர் நாற்காலியில் இன்னொருவர்;
தொரப்பாடியில் பக்கத்துப் பாயில் படுத்திருந்து
மன்னிப்புக் கடிதம் கொடுத்து
நாலாம் மாசமே வெளியே வந்தவர்.
"அவனை என்ன சொல்றது. மூணு பொண்ணு."

அடித்தேன். தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்.
அவர் விரல் அங்கே வந்து நின்றது.
"அது வேணாமே."
அது இல்லாவிட்டால் மனு திரும்பிவிடும் என்றேன்.
"இப்பவுமா?"
இப்போதும்தான்.

ஜன்னலுக்கு வெளியே அகழியைப் பார்த்தார்,
சாமி இல்லாத கோயிலை.
"ராஜா இல்லாத கோட்டைன்னு ஊரே கேலி பண்ணுது.
அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணோம்" என்று
சிரித்தார். சிரித்து முடிக்கவில்லை.
ஹாலில் டெபுடி கலெக்டர் வர,
நாங்கள் இருபது பேரும் எழுந்து நின்றோம்.
அவரும் துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டார்,
கை தானாகப் போனது.
பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க," என்றார். "தாழ்மையுடன்."

மனு எங்கே போகும்?
படியேறி, பச்சை மையில் அதே வால் நீண்ட கையெழுத்து வாங்கி
என் மேஜைக்கே வந்தது:
விசாரித்து அறிக்கை அனுப்பவும்.
அனுப்ப வேண்டியவர், அன்று விடியற்காலை
அவர் கதவைத் தட்டிய இன்ஸ்பெக்டர்.
அதையும் நானே அடித்தேன்.

கார்த்திகை வந்துவிட்டது. பாலாற்றில்
இரண்டு நாள் தண்ணீர்கூடப் போனது.
ஓட்டுப் போட்ட மை அவர் விரலில்
நகத்தோடு வளர்ந்து, நகத்தோடு வெட்டுப்பட்டு,
இப்போது சுத்தமான விரல்.
திங்கள்தோறும் வருகிறார்.
பெஞ்சில் உட்காரச் சொல்கிறேன், உட்காருகிறார்.
முன்பு யாரும் உட்கார்ந்ததில்லை;
அவ்வளவு மாறியிருக்கிறது.

ஆணியில் புதுப்படம் மாட்டியாகிவிட்டது.
கொட்டேஷன் இரண்டு வந்துவிட்டது.

ஒன்று மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை.
அன்றைக்கு என் பெயரை அடித்தபோது
என்ன நினைத்தீர்கள் என்று.
கேட்டுவிட்டால்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான்
சொல்ல வேண்டியிருக்கும்.